இன்னைக்கு என்ன பாத்துச்சு?

மனிதர் பேச்சை இயந்திரத்துக்குப் புரிய வைக்க ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இரண்டாயிரத்து நாற்பத்தாறில் அந்தத் தொல்லை இல்லை. எப்படிக் குழறினாலும் அதற்குப் புரிந்துவிடும். புரிந்ததில் எதற்குப் பதில் சொல்லலாம், எதற்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்லித்தருவதுதான் இப்போது வேலை. மதுரை மாட்டுத்தாவணிக்குப் பின்னால் இருந்த ஒரு நாலு மாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து ஜெபசெல்வி பதினோரு வருடமாக அந்த வேலையைத்தான் பார்த்துவந்தாள்.

அவள் பொறுப்பில் இருந்தது ஒரே ஒரு இணையதளம். பெயர், கொடை. மாநிலத்தில் கண், சிறுநீரகம், கல்லீரல் என்று எதை யார் தானம் செய்தாலும், எதை யார் பெற்றாலும் அதில்தான் பதிவாகும். முகப்பில் ஒரு தேடல் பெட்டி. டாக்டருக்கும் நோயாளிக்கும் தானம் கொடுத்த குடும்பத்தாருக்கும் அதே பெட்டிதான். எழுதியும் கேட்கலாம், பேசியும் கேட்கலாம். "பி பாசிட்டிவ் கிட்னி, நாலு மணி நேரத்துக்குள்ள கொண்டுவர்ற தூரத்துல" என்று ஒரு டாக்டர் கேட்பார். "எங்கப்பா பேரு வரிசையில எத்தனாவதா இருக்கு?" என்று ஒரு மகன் கேட்பான். ஒவ்வொரு வகைக் கேள்விக்கும் ஜெபசெல்வி ஒரு கட்டளை எழுதியிருந்தாள். கட்டளை என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. இப்படிக் கேட்டால் இந்தப் பக்கத்தில் தேடு, இன்னாருக்கு இவ்வளவு சொல், இதற்கு மேல் சொல்லாதே என்று நல்ல தமிழில் நாலு வரி. அந்த நாலில் ஒன்று பிசகினால் எங்கோ ஒரு வீட்டின் நிம்மதி போய்விடும் என்பதால், ஒரு கட்டளைக்கு அவள் சில சமயம் ஒரு மாதம்கூட எடுத்துக்கொள்வாள்.

கட்டளை இல்லாத கேள்வி வந்தால் தளம், "மன்னிக்கவும், இந்தக் கேள்வி புரியவில்லை" என்று சொல்லும். பச்சைப் பொய். அதற்கு நன்றாகவே புரியும், சொல்ல அனுமதி இல்லை, அவ்வளவுதான். அந்தப் பொய்யை எழுதிக் கொடுத்தவளும் ஜெபசெல்விதான்.

திங்கட்கிழமை காலையில் அவள் செய்யும் முதல் வேலை, அப்படிப் "புரியாமல்" போன கேள்விகளைப் படிப்பது. முன்பெல்லாம் அந்தப் பட்டியல் மைல்கணக்கில் நீளும். ஆட்கள் பெட்டியைக் கண்டால் சும்மா இருப்பதில்லை. வணக்கம் சொல்வார்கள், நன்றி சொல்வார்கள், முருகா என்பார்கள், ஒன்று இரண்டு மூன்று என்று மைக்கைத் தட்டிப் பார்ப்பார்கள். இதையெல்லாம் படித்துக் கண் பூத்துப்போய், வந்த முதல் வருடத்திலேயே ஜெபசெல்வி ஒரு சல்லடை எழுதிப் போட்டுவிட்டாள். "தேடல் அல்ல" என்று முத்திரை குத்தி அவற்றை ஓரமாகத் தள்ளிவிடும் சல்லடை. அதற்குப் பிறகு பட்டியல் கைக்கு அடக்கமாகிவிட்டது. அது குறித்து அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சல்லடையில் விழாமல் மாதந்தோறும் வந்துகொண்டிருந்தது ஒரு கேள்வி. கேட்டவர் தானம் கொடுத்த குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தாய். பெயர், ஊர் எதுவும் ஜெபசெல்விக்குத் தெரியாது. 4471 என்ற எண் மட்டும் தெரியும். மாதம் பதினெட்டாம் தேதி, காலை பத்து மணிக்கு மேல், வீட்டு வேலை முடிந்த நேரம் போலிருக்கிறது, பேச்சிலேயே கேட்பார்.

"என் பொண்ணோட கண்ணு இன்னைக்கு என்ன பாத்துச்சு?"

மன்னிக்கவும், இந்தக் கேள்வி புரியவில்லை.

அத்தோடு போய்விடுவார். மறு மாதம் பதினெட்டாம் தேதி அதே கேள்வி. இரண்டு வருடமாக இப்படி. எரிச்சல் இல்லை, கெஞ்சல் இல்லை. முதலில் படித்தபோது ஜெபசெல்வி பாவம் என்று நினைத்தாள். பிறகு பதினெட்டாம் தேதி நெருங்கினாலே அவளுக்கு வேறு வேலை ஓடாமல் போனது. இருபத்தைந்தாவது தடவை வந்த அன்று எழுந்து நேராக சிக்கந்தரின் அறைக்குப் போனாள்.

சிக்கந்தர் அந்த அலுவலகத்தின் ரகசியக் காப்பு அலுவலர். கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் நடுவில் இருக்கும் சுவரைக் காப்பது அவர் உத்தியோகம். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு கட்டளையும் தளத்தில் ஏறாது. எதை நீட்டினாலும் முதலில் முடியாது என்பார், அப்புறம்தான் படிப்பார்.

"முடியாதும்மா" என்றார்.

"இன்னும் நான் சொல்லவே இல்ல சார்."

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. கொடுத்தவங்க பக்கத்துக் கேள்வி. அப்ப நாலு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது ஞாபகம் இல்லையா? ஒரு அப்பா, மகனோட கல்லீரல் யாருக்குப் போச்சுன்னு அங்க இங்க விசாரிச்சுக் கண்டுபிடிச்சிட்டாரு. கெட்ட மனுஷன்னு சொல்ல முடியாது. தினமும் காலையில அந்தாள் வீட்டு வாசல்ல போய் நிப்பாரு. பஜ்ஜி திங்காதீங்கம்பாரு. நேரத்துக்குத் தூங்குங்கம்பாரு. வாங்குன மனுஷன் என்ன செய்வான், போகச் சொல்ல வாய் வருமா? எட்டு மாசத்துல வீட்டக் காலி பண்ணிட்டு ஓடுனவன் மாத்திரை வாங்கக்கூட ஆஸ்பத்திரிப் பக்கம் வரல. அவனும் போய்ச் சேந்துட்டான். ஒரு மகனுக்கு ரெண்டு தடவ அழுதாரு அந்த அப்பா."

ஜெபசெல்வி அந்த ஒற்றை வரியை அவர் முன்னால் வைத்தாள். சிக்கந்தர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தார்.

"யாருன்னு கேக்கல சார். எங்கன்னு கேக்கல. பாக்கணும்னுகூட கேக்கல. அந்தக் கண்ணு வேலை பாக்குதான்னுதான் கேக்குறாங்க. அதுக்குப் பதில் நம்மகிட்ட இருக்கு, இல்லாட்டி வாங்கலாம். கண்ணு வாங்குனவங்க மாசாமாசம் நமக்குப் படிவம் அனுப்புறாங்கல்ல, அதுல ஒரு கேள்வி சேத்துட்டாப் போதும். இன்னைக்கு என்ன பாத்தீங்க, அவ்வளவுதான். பிரியம் இருந்தா எழுதட்டும்."

"ஊர் பேர் வந்துரும். ஆள் பேர் வந்துரும்."

"இயந்திரம் சலிச்சிரும். ஊர், ஆள், கடை, பள்ளிக்கூடம் எதுவும் தாண்டாது."

"ஒரு வாரம் கழிச்சுத்தான் போகணும். எந்தக் கண்ணுன்னு கேட்டாச் சொல்லக் கூடாது. ரெண்டு கண்ணும் ரெண்டு பேருக்குல்ல போயிருக்கும்?"

"ஆமா சார். ரெண்டு பேர்."

சிக்கந்தர் நெடுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "ஏதாவது ஆச்சுன்னா உன்னையக் கேக்க மாட்டாங்க, என்னையத்தான் கேப்பாங்க" என்று ஒரு பாட்டும் பாடினார்.

புதிய கேள்வியைப் படிவத்தில் சேர்த்த அன்று சாயங்காலமே பதில்கள் வரத் தொடங்கின. ஜெபசெல்வி வீட்டுக்குப் போக மறந்து அவற்றைப் படித்தாள். "கீரையில மண்ணு தெரியுது. முன்னாடியெல்லாம் வாயில வச்சாத்தான் தெரியும்." "ஊசியில நூல் கோத்தேன், முத தடவையிலயே." "மருமகளுக்குக் கன்னத்துல மச்சம் இருக்கு. கல்யாணமாகி மூணு வருஷம் கழிச்சு இப்பத்தான் பாக்குறேன்." இத்தனை காலம் இவர்களிடம் எதையுமே கேட்காமல் நலமா, குறை உண்டா என்று இரண்டு பொத்தான்களை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த பதினெட்டாம் தேதி 4471 கேட்டபோது தளம் முதன்முதலாகப் பதில் சொன்னது.

"பரீட்சை பேப்பர் திருத்துனேன். ஒரு பய பென்சில்ல எழுதி அழிச்சிருந்தான். அழிச்ச எழுத்தும் தெரிஞ்சது."

பதிலை இரண்டு தரம் திரும்பப் போட்டுக் கேட்டார். பிறகு, "இது எந்தக் கண்ணு?" என்று வந்தது. தளம் தன் வழக்கமான பொய்யைச் சொன்னது. "சரி, இன்னொன்னு என்ன பாத்துச்சு?"

இன்னொன்று எதையும் எழுதியிருக்கவில்லை. அந்தக் கண்ணைப் பெற்றவர் மாதம் தவறாமல் "நலம்" என்ற பொத்தானை அழுத்துவதோடு சரி. அடுத்த மாதமும் அப்படியே, அதற்கடுத்த மாதமும் அப்படியே. நாலாவது மாதம்தான் அவர் வாயைத் திறந்தார்.

"காலையில பல்பச் சுத்தி ஏழு கலர்ல ஒரு வட்டம் தெரியுது. சாமி படத்துல தலைக்குப் பின்னால போட்டிருப்பாங்கல்ல, அது மாதிரி. பாக்க அழகா இருக்கு."

ஜெபசெல்விக்கு மனம் நிறைந்துவிட்டது. சிக்கந்தரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவரும் "பரவால்லையே, கவிஞரா இருப்பாரு போல" என்றார். ஒரு வாரம் கழிந்து, பதினெட்டாம் தேதி அது அந்தத் தாய்க்குப் போய்ச் சேர்ந்தது. அன்று அவர் வேறெதுவும் கேட்கவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வராமல் போயிருக்கும் என்று ஜெபசெல்வி நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் 4471 வந்துவிட்டார். பதினெட்டு அல்லாத தேதியில் அவர் வந்தது அதுவே முதல் தடவை. ஒன்பது மணிக்கு ஜெபசெல்வி இருக்கையில் உட்காரும்போது மூன்று கேள்விகள் வரிசையாகக் காத்திருந்தன.

"பல்பச் சுத்தி வட்டம் எல்லாருக்கும் தெரியுமா?"

"என் பொண்ணு பாத்தத நானும் பாக்கணும்னு நேத்து வீட்டுல எல்லா லைட்டையும் போட்டுப் பாத்தேன். காலையிலயும் பாத்தேன். எனக்கு வட்டம் தெரியலையே?"

"என் பொண்ணு கண்ணுக்கு என்ன ஆச்சு?"

மூன்றுக்கும் ஒரே பதில். மன்னிக்கவும், இந்தக் கேள்வி புரியவில்லை.

ஜெபசெல்வி தலைக்கு மேல் எரிந்த விளக்கை அண்ணாந்து பார்த்தாள். வட்டம் இல்லை. அப்படியே போனை எடுத்துக் கண் மருத்துவமனையில் தொடர் கவனிப்பைப் பார்க்கும் நர்ஸ் கஸ்தூரியைக் கூப்பிட்டாள். பெற்றவர்களின் பெயரும் போன் நம்பரும் கஸ்தூரிக்கு மட்டும்தான் தெரியும். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கஸ்தூரி குறுக்கிட்டாள்.

"வட்டமா? அதுவும் காலையிலயா? கருவிழியில நீர் கோத்திருக்கு மேடம். உடம்பு அந்தக் கண்ண வேத்தாளுன்னு நெனச்சு வெரட்டப் பாக்குது. இப்பவே புடிச்சா சொட்டு மருந்துலயே சரியாயிரும். விட்டா அவ்வளவுதான், கண்ணு போயிரும்."

கஸ்தூரி அந்த மனிதரை உடனே அழைத்தாள். தளத்து மேடமும் லைனில் இருக்கலாமா என்று அவரிடமே கேட்டுக்கொண்டாள். இருக்கட்டும்மா என்றார் அவர். பின்னால் கண்ணாடி டம்ளர்கள் மோதும் சத்தமும் பால் கொதிக்கும் சத்தமும் கேட்டன. டீக்கடை போலிருக்கிறது.

"அண்ணே, கண்ணு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா. ஒரு குறையும் இல்ல."

"வட்டம் தெரியுதுன்னு சொல்லியிருந்தீங்களே."

"ஆமாம்மா. கடையத் தொறக்கையில நல்லாத் தெரியும். வெயில் ஏற ஏறக் கொறைஞ்சிரும்."

"எத்தன நாளா?"

"ஒரு பதினஞ்சு நாள் இருக்கும்."

"வெளிச்சம் பாத்தாக் கூசுதா? கண்ணு செவந்திருக்கா?"

அவர் யாரிடமோ ரெண்டு டீ என்று சொல்லிவிட்டு வந்தார். "கொஞ்சம் கூசும். அது ஒண்ணும் இல்லம்மா."

"ஏண்ணே இத முன்னாடியே சொல்லல? படிவத்துல குறை உண்டுன்னு ஒரு பட்டன் இருக்குல்ல, அத அமுக்கியிருந்தா அன்னைக்கே வரச் சொல்லியிருப்போமே."

"எப்படிம்மா அமுக்குறது?" என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது. "யாரு பெத்த புள்ளையோட கண்ணோ. அவங்க வீட்டுல எழவு விழுந்த அன்னைக்கு, அந்த அழுகைக்கு நடுவுல, எவனோ ஒருத்தனுக்கு ஆகட்டும்னு கழட்டிக் குடுத்திருக்காங்க. அதுல போயி நான் குறை சொல்றதா? பத்து வருஷம் பாதிப் பார்வையில டீ ஆத்துனவன்மா நானு. கையில கொட்டிக்காத நாள் கெடையாது. இப்ப நொரை வர்றத நல்லாப் பாத்து ஆத்துறேன். குறை இருக்குன்னு அந்தப் பட்டனத் தொட எனக்குக் கை வரல."

கஸ்தூரி கண்டிப்பான குரலில், கடையை இப்போதே யாரிடமாவது விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கச் சொன்னாள். போனை வைத்துவிட்டு ஜெபசெல்வி அந்தப் படிவத்தைத் திரையில் திறந்தாள். அந்தப் பொத்தானை வைத்தது அவள். தானமாக வந்ததைக் குறை சொல்ல இந்த ஊரில் யாருக்கும் நா எழாது என்பது அவளுக்குத் தெரியாதா? விருந்துக்குப் போன இடத்தில் உப்பில்லாத குழம்பைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு வருகிற ஜாதிதானே அவளும்? சந்தேகப்பட்டுப் பழைய படிவங்களைத் தேடிப் பார்த்தாள். அத்தனை ஆயிரம் பேரில், அத்தனை வருடத்தில், "குறை உண்டு" என்று அழுத்தியவர்கள் நாற்பத்தொரு பேர். மற்ற எல்லோரும் எப்போதும் நலம்.

அன்று சாயங்காலமே அந்தப் பொத்தானைப் பிடுங்கி எறிந்தாள். அதற்குப் பதிலாக, பிரியம் இருந்தால் எழுதலாம் என்றிருந்த அந்த என்ன பார்த்தீர்கள் கேள்வியை, கண் பெற்ற எல்லோருக்கும் கட்டாயமாக்கினாள். வட்டம், புகை, கூச்சம், சிவப்பு என்று பதிலில் எந்த அறிகுறி வந்தாலும், சொன்னவர் அதை அழகு என்று சொல்லியிருந்தாலும், அந்த நிமிடமே கஸ்தூரிக்குப் போக வேண்டும் என்று கட்டளை எழுதினாள். அந்த மாதத்திலேயே வேறு மூன்று பேருக்கு அது கண்ணைக் காப்பாற்றிக் கொடுத்தது.

டீ மாஸ்டருக்கு மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட்டார்கள். பத்து நாள் என்றார் டாக்டர், எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. அந்தப் பத்து நாளும் 4471 தினமும் காலையில் வந்து, "என் பொண்ணு கண்ணுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். தளம் புரியவில்லை என்று சொல்வதை ஜெபசெல்வியால் தாங்க முடியவில்லை. சிக்கந்தரிடம் போய் நின்றாள். முடியாது என்று முதலில் சொல்கிறவர் அன்று அதைச் சொல்லவில்லை. "கவனிச்சுக்கிட்டிருக்காங்கன்னு சொல்லலாம். அதுல யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது" என்றார். அன்றிலிருந்து தளம் அந்தத் தாய்க்கு, "உங்களால் தெரிந்துகொண்டோம். கவனித்துக்கொண்டிருக்கிறோம்" என்று பதில் சொன்னது. பதினோராம் நாள் கஸ்தூரி போன் செய்தாள். போனை எடுத்ததுமே ஜெபசெல்விக்குத் தெரிந்துவிட்டது, கஸ்தூரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வட்டம் போயிருச்சு மேடம். மனுஷனுக்கு அதுல கொஞ்சம் வருத்தம்கூட. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி, யாரு சொல்லி நீங்க போன் பண்ணுனீங்கன்னு கேட்டாரு. சொல்லக் கூடாதுண்ணேன்னு சொன்னேன். சரி, கண்ணு குடுத்தவங்களுக்கு நான் எத்தனையோ தடவ பெட்டியில நன்றி போட்டுருக்கேன், போய்ச் சேந்துச்சான்னு கேட்டாரு. எந்தப் பெட்டின்னு எனக்குப் புரியல. உங்களுக்குப் புரியுதா?"

ஜெபசெல்விக்குப் புரிந்தது. பத்து வருடமாகத் திறந்தே பார்க்காத அந்தச் சல்லடையின் அடிப்பக்கத்தைத் திறந்தாள். "தேடல் அல்ல" என்ற முத்திரையோடு ஓரம் தள்ளிய சொற்கள் குவிந்துகிடந்தன. வணக்கமும் முருகாவும் மைக்கைத் தட்டியதும் போக, மிச்சம் அத்தனையும் நன்றி. கிட்னி வாங்கியவர்கள், கல்லீரல் வாங்கியவர்கள், கண் வாங்கியவர்கள். கொடுத்தவருக்குச் சொல்ல வேறு வழியில்லாமல், கண்ணில் பட்ட ஒரே பெட்டியில் வந்து வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தளம், "மன்னிக்கவும், இந்தக் கேள்வி புரியவில்லை" என்று பதில் சொல்லியிருந்தது. அந்தத் தாயின் மகள் கண்ணைப் பெற்ற இருவரின் எண்ணிலும் தேடினாள். டீ மாஸ்டர் பத்தொன்பது தடவை போட்டிருந்தார். பரீட்சைத் தாள் திருத்துகிறவர் முப்பத்திரண்டு தடவை.

ஜெபசெல்வி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கட்டளை எழுதினாள். யாராவது நன்றி என்றால், தேடாதே. கொண்டுபோய்ச் சேர்.

சிக்கந்தர் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு வரியைத் தன் கையால் சேர்த்தார். யார் சொன்னது என்று கேட்டால் அடையாளம் சொல்லாதே, ஒருவரா எல்லோருமா என்பதை மட்டும் சொல். கையெழுத்துப் போடும்போது அவர் பாட்டு எதுவும் பாடவில்லை.

பதினெட்டாம் தேதி பத்து மணிக்கு மேல் 4471 வந்தார்.

"என் பொண்ணோட கண்ணு இன்னைக்கு என்ன பாத்துச்சு?"

"பஸ்ஸு தூரத்துல வரும்போதே நம்பர் தெரிஞ்சது. வட்டம் போயிருச்சு" என்றது தளம். அதன் கீழே இன்னொரு வரி. "உங்களுக்கு ஒரு சொல் வந்திருக்கிறது. நன்றி."

ஜெபசெல்வி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிக்கந்தரும் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். இரண்டு நிமிடம் கழித்துக் கேள்வி வந்தது.

"யாரு சொன்னது? இடது கண்ணா, வலது கண்ணா?"

"இரண்டும்."

அதோடு முடிந்தது போலிருந்தது. சிக்கந்தர் தன் அறைக்கு நகரப் போனார். அப்போது அந்தத் தாய் கடைசியாகப் பேசியது எழுத்தாகித் திரையில் விழுந்தது.

"சரி. ரெண்டு பேரையும் வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்க."

பக்கத்திலேயே இயந்திரம், "தேடல் அல்ல" என்று குறித்து வைத்தது. ஜெபசெல்வி அந்தக் குறிப்பை அழித்துவிட்டு, ஒரு புதிய கட்டளையை எழுத ஆரம்பித்தாள்.